கோமதிக்கு, இங்கிலாந்தின் யார்க்கிலிருந்து

யார்க்
நவம்பர் 2025

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வரன் அமைந்ததில் மிகுந்த சந்தோஷம். தேதி குறித்ததும் சொல், டிக்கெட் எடுத்துவிடுகிறேன்.

உன் பள்ளியின் சுயநிதிப் பிரிவில் சேர்க்கை குறைந்து இரண்டு வகுப்புகளை ஒன்றாக்கிவிட்டோம் என்று எழுதியிருந்தாய். "உங்க குவேக்கர்காரங்க மட்டும் எப்படி இருநூறு வருஷத்துக்கு மேல பள்ளிக்கூடம் நடத்துறாங்க?" என்றும் கேட்டிருந்தாய். குவேக்கர்கள் என்ற இந்தக் கிறிஸ்தவப் பிரிவினர் எல்லா இடத்திலும் நடத்திவிடவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதே வட்டாரத்தில் கிரேட் ஆய்ட்டன் பள்ளி 1841இல் தொடங்கி 1997இல் மூடியது. லண்டனில் 1702இல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கி, பிறகு குராய்டன், அதன்பின் சாஃப்ரன் வால்டன் என்று இடம் மாறிய பள்ளி 2017இல் மூடப்பட்டது. முன்னூறு ஆண்டு வரலாறு ஆசிரியர் சம்பளத்துக்கு உதவாது.

இப்போது இங்கே நிலைமை கடினம். இந்த ஜனவரி முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வாட் வரி. ஏப்ரலில், அறக்கட்டளை என்பதால் கிடைத்துவந்த கட்டட வரிச் சலுகை போனது. அதே மாதம் ஊழியர்களுக்காக நிர்வாகம் கட்டும் தேசியக் காப்பீடு 13.8லிருந்து 15 சதவீதமானது. ஆசிரியர் ஓய்வூதியத்துக்கான பங்கு அதற்கு முந்தைய ஆண்டே 23.68லிருந்து 28.68க்கு ஏறியிருந்தது. வாங்கும் பொருளுக்குக் கட்டிய வாட்டைத் திரும்பப் பெறலாம் என்பது ஒரு ஆறுதல். ஆனால் பள்ளியின் பெரிய செலவு சம்பளம். சம்பளத்தில் திரும்பப் பெற வாட் ஏது?

இதில் விடுதிப் பள்ளிகளின் பாடு தனி. இருபது கட்டில் காலியாக இருந்தாலும் வார்டன், சமையல்காரர், பாய்லர், கூரை எல்லாம் அப்படியேதான் இருக்கும். வரவு மட்டும் இருபது பேர் அளவுக்குக் குறையும். உடனே கை வைப்பது பராமரிப்பில். வண்ணம் பூசுவதைத் தள்ளிப்போடுவார்கள், பிறகு கூரையை. நாலைந்து வருஷத்தில் அது மொத்தமாக வந்து நிற்கும். நீயும் அதைத்தான் செய்யப்போகிறாய் என்று சந்தேகப்படுகிறேன், செய்யாதே.

குவேக்கர்கள் சிக்கனக்காரர்கள், அதனால் பிழைத்தார்கள் என்று இங்கேயே பலர் சொல்வார்கள். சாக்லேட் பணம் என்பார்கள் இன்னும் சிலர். சாக்லேட் கம்பெனி நடத்திய குவேக்கர் ஜோசப் ரவுண்ட்ரீ இந்த ஊர் குவேக்கர் பள்ளியான பூத்தமில் படித்தவர்தான். ஆனால் அவருடைய கம்பெனியே 1988இல் நெஸ்லேயிடம் போய்விட்டது. எனக்குத் தோன்றும் காரணம் வேறு. கட்டணத்தை வைத்துப் பள்ளி நடத்த முடியாது என்பதை அவர்கள் ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டார்கள்.

ஆக்வொர்த் என்ற குவேக்கர் பள்ளியைப் பார். லண்டன் அனாதைக் குழந்தைகள் இல்லத்தின் கிளை 1773இல் மூடப்பட்டதால் அந்தப் பெரிய கட்டடம் சும்மா கிடந்தது. மருத்துவர் ஜான் ஃபாதர்கில் அதைப் பார்த்தார். நிலத்தோடு சேர்த்து 7,000 பவுண்டுக்கு வாங்கி, 1779இல் பள்ளி திறந்தார்கள். வசதி இல்லாத குவேக்கர் வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே தொடங்கியது. பெற்றோர் கட்டியது ஆகும் செலவைவிடக் குறைவு. மீதியை நாடெங்கும் இருந்த குவேக்கர் சபைகள் சந்தாவாகவும் நன்கொடையாகவும் உயிலில் எழுதிவைத்த பணமாகவும் ஈடுகட்டின. பற்றாக்குறை வந்துவிட்டதே என்று யாரும் பதறவில்லை, அது திட்டத்திலேயே இருந்தது. அடுத்த ஆண்டே ஃபாதர்கில் இறந்துபோனார், பள்ளி நிற்கவில்லை.

அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்து ஸ்கேட்டர்குட் பள்ளியின் கதை இன்னும் ருசியானது. 1890இல் வெஸ்ட் பிராஞ்ச் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் தொடங்கியது. பொருளாதார மந்தத்தில் விவசாயிகள் கையில் காசில்லாமல் 1931இல் மூட வேண்டியதாயிற்று. அப்போதைய அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் அதே வெஸ்ட் பிராஞ்சில் குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர்! மூடினார்களே தவிர விற்கவில்லை. 1939 முதல் 1943 வரை ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த ஐரோப்பிய அகதிகள் 185 பேருக்கு அந்தக் கட்டடம் தங்குமிடம் ஆனது. 1944இல் மறுபடி பள்ளி. இம்முறை சமையல், பாத்திரம் கழுவுவது, பண்ணை வேலை எல்லாம் மாணவர்களும் ஆசிரியர்களும் பங்குபோட்டுச் செய்தார்கள், கூலிச் செலவு குறைந்தது. ஆனால் பண்ணை ஒரு மந்திரம் என்று நினைத்துவிடாதே. கிரேட் ஆய்ட்டனும் விவசாயப் பள்ளியாகத் தொடங்கியதுதான்.

ஓஹையோவின் ஓல்னி பள்ளி வேறு வழியில் தப்பியது. 1990களின் இறுதியில் அதை நடத்திய குவேக்கர் அமைப்பு கைவிட்டபோது பழைய மாணவர்கள் முன்வந்து பொறுப்பேற்றார்கள். வட அயர்லாந்தில் லிஸ்பர்ன் பள்ளி, லினன் வியாபாரி ஒருவர் உயிலில் விட்ட 1,000 பவுண்டில் 1774இல் தொடங்கியது. இன்று அது அரசு நிதியில் நடக்கிறது. உன் பள்ளியின் உதவிபெறும் பிரிவு மாதிரி என்று வைத்துக்கொள்.

முடிவெடுக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். குவேக்கர் கூட்டத்தில் ஓட்டெடுப்பு கிடையாது. எல்லாரும் ஒரு முடிவுக்கு வரும்வரை மௌனமாக உட்கார்வார்கள், பேசுவார்கள், மறுபடி உட்கார்வார்கள். ஒரு வயலை விற்பதற்கே எத்தனை கூட்டம்! கணக்கு எழுதுகிறவளுக்கு உயிர் போகும். ஆனால் முடிவான பிறகு "நான் அன்றே எதிர்த்தேன்" என்று கிளம்புகிறவர் குறைவு. உன் நிர்வாகக் குழுவில் இது நடக்காது, தெரியும்.

உறுத்துவது ஒன்று. இன்று இங்குள்ள குவேக்கர் பள்ளிகளில் குவேக்கர் வீட்டுப் பிள்ளைகள் சிறுபான்மை. சபை சுருங்கச் சுருங்கப் பழைய சந்தாவின் இடத்தைக் கட்டணம் பிடித்துக்கொண்டது. கட்டணச் சலுகை நிதியால் சில பிள்ளைகள் வருகிறார்கள், மீதிப் பேர் வசதியானவர்கள். ஏழைப் பிள்ளைக்கென்று கட்டிய கட்டடத்தைக் காப்பாற்றப் பணக்காரப் பிள்ளையைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. இது சரியா என்று இங்கே கேட்டால் நீண்ட மௌனம் கிடைக்கும். சரியில்லை என்றுதான் நினைக்கிறேன். மூடிவிடுவது அதைவிடச் சரியா என்று கேட்டால் எனக்கும் பதில் வராது.

உன் மூன்று வருஷ வரவு செலவை ஸ்கேன் செய்து அனுப்பு. பரிசுக்கென்றும் உதவித்தொகைக்கென்றும் யாராவது கொடுத்த வைப்புத் தொகை இருந்தால் தனித் தாளில் எழுது. அதைக் கையிருப்போடு சேர்த்துக் காட்டித்தான் பல பள்ளிகள் தங்களையே ஏமாற்றிக்கொள்கின்றன. பழைய மாணவர் பட்டியல் உன்னிடம் இருக்கிறதா? எண்பதுகளில் படித்தவர்கள் வரை போதும். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அத்தையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
செண்பகா