ஊதா தோசையில எத்தன ஓட்டை?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன இதழ்ல பாட்காஸ்ட் பத்தி பெரிய கட்டுரை போட்டிருந்தீங்க, சினிமா பேட்டி, பேய்க்கதை, ஷேர் மார்க்கெட்னு எல்லாம் வந்துச்சு, அறிவியலுக்கு ஒத்த வரி இல்ல. அந்த ஆதங்கத்துல எழுதுறேன். நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில கணக்கு எழுதுறவன், ஈரோட்டுல இருந்து தெனம் ட்ரெயின்ல போய்வரேன். பயாலஜிக்கும் எனக்கும் பத்தாங்கிளாஸோட சரி, செம்பருத்திப் பூவோட நீள்வெட்டுத் தோற்றத்த வரைஞ்சு பாகம் குறிச்சு மார்க் வாங்குனதோட அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கல.

2020ல எங்க அம்மாவுக்கு கொரோனா வந்துச்சு. காய்ச்சல் இருமல் எல்லாம் போயி மூணு வாரம் ஆயிடுச்சு, நல்லா எந்திரிச்சு கீரை ஆயுறாங்க, ஆனா டெஸ்ட் எடுத்தா மட்டும் பாசிட்டிவ்னே வருது. தெருவுல தகரம் அடிச்ச காலம் அது, பக்கத்து வீட்டுல எங்க பக்கத்து ஜன்னல தொறக்கவே இல்ல. அம்மா அவங்க தட்டையும் டம்ளரையும் தானா தனியா எடுத்து வச்சுகிட்டு "ஏண்டா, நான் செத்தாத்தான் நெகட்டிவ் வருமா"ன்னு கேட்டாங்க. அப்பதான் ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவரோட பொண்ணு, லேப்ல இருக்குற புள்ள, வாட்ஸ்அப்ல ஒரு லிங்க் அனுப்பி "அண்ணா இத கேளுங்க"ன்னுச்சு. அது 'திஸ் வீக் இன் வைராலஜி', வைரஸ் பத்தியே பேசுற ஒரு பாட்காஸ்ட். நியூயார்க் கொலம்பியா யுனிவர்சிட்டில வின்சென்ட் ரகனியெல்லோன்னு ஒரு வைரஸ் ப்ரொஃபசர், ஒட்டுண்ணி ஆராய்ச்சி பண்ணுன டிக்சன் டெஸ்போமியேவ கூட வச்சுகிட்டு 2008ல ஆரம்பிச்சது, இன்னிக்கு 1000 எபிசோட தாண்டி ஓடிட்டிருக்கு.

மொதல்ல கடுப்பாத்தான் இருந்துச்சு சார். நம்ம அம்மாவுக்கு என்னன்னு தெரியணும்னு தவிச்சுகிட்டு ஆன் பண்ணா, ஆளாளுக்கு அவங்கவங்க ஊர்ல எத்தன டிகிரி, மழையா வெயிலான்னு பேசிட்டிருக்காங்க. அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாங்க. அம்மாவுக்கு எடுத்த பிசிஆர் டெஸ்ட் வைரஸோட ஆர்என்ஏல, அதாவது அதோட மரபுச் செய்தி இருக்குற இழைல, ஒரு துண்டத் தேடிப் பிடிச்சு பெருக்கிக் காட்டுது, அவ்ளோதான், அந்த வைரஸ் உசுரோட இருக்கா இல்ல ஒடைஞ்ச சாமானான்னு அதுக்குத் தெரியாது. நான் இத அம்மாவுக்கு எப்படிச் சொன்னேன்னா, கல்யாணம் முடிஞ்ச மண்டபத்துல எச்சில் இலை கெடக்குது, அத வச்சு இன்னும் பந்தி நடக்குதுன்னு சொல்ல முடியுமா? அம்மாவுக்கு ஒடனே புரிஞ்சுது. டாக்டரும் அதையே சொன்னாரு.

சரி, தொத்துற வைரஸ் இருக்கான்னு எப்படித்தான் கண்டுபிடிப்பாங்க? இங்கதான் நான் அந்த நிகழ்ச்சில விழுந்தேன். ஒரு சின்ன தட்டுல செல்லுங்கள ஒரே படலமா வளத்து வச்சு, அது மேல வைரஸ் கலந்த திரவத்த விட்டு, அப்புறம் கடல்பாசி மாதிரி ஒரு கூழ மேல ஊத்தி மூடிடுறாங்க. மேல கூழ் இருக்குறதால வைரஸ் தூரமாப் போக முடியாது, பக்கத்து செல்லு, அதுக்குப் பக்கத்து செல்லுன்னுதான் சாகடிச்சுகிட்டே போகணும். சில நாள் கழிச்சு ஊதா சாயம் ஊத்துனா உசுரோட இருக்குற செல்லெல்லாம் ஊதாவாவும் செத்த எடமெல்லாம் வெள்ளை ஓட்டையாவும் தெரியுது, அசல் ஊதா கலர் தோசை. ஒரு ஓட்டைக்கு ஒரு வைரஸ்னு கணக்கு. ரொம்ப அதிகமா இருந்தா எண்ண முடியாதுல்ல, அதனால பத்து மடங்கு, நூறு மடங்குன்னு தண்ணியாக்கிகிட்டே போறாங்க. பத்து லட்சம் மடங்கு தண்ணியாக்குனதுல 40 ஓட்டை வந்தா மொதல்ல இருந்ததுல 4 கோடி. அட இது நம்ம ஸ்டாக் எடுக்குற வேலைடான்னு ட்ரெயின்ல வாய்விட்டே சொல்லிட்டேன், எதிர் சீட்டுக்காரர் ஒரு மாதிரி பாத்தாரு. 1952ல ரெனாட்டோ டல்பெக்கோங்கறவர் விலங்கு வைரஸுக்குக் கொண்டுவந்த முறை, இன்னிக்கும் லேப்ல இதேதான்.

நான் சொல்ல வர்றது இதுதான் ஐயா. உங்க அறிவியல் பக்கத்துல "விஞ்ஞானிகள் கண்டுபிடித்துள்ளனர்"னு முடிவு மட்டும் வருது, எப்படித் தெரிஞ்சுதுன்னு வர்றதே இல்ல. படிக்கிறவன் நம்பணும், இல்ல பக்கத்தத் திருப்பணும், வேற வழியில்ல. ரகனியெல்லோவோட சொந்த ஆராய்ச்சியவே எடுத்துக்கங்க. சாதாரண எலிக்கு போலியோ வராது, ஏன்னா அந்த வைரஸ் ஒட்டிக்கிற புரதம் எலி செல்லுல இல்ல. மனுசன்ல அந்தப் புரதத்த உண்டாக்குற ஜீன 1989ல அவர் லேப்ல கண்டுபிடிச்சு, எலிக்குள்ள வச்சுப் பாத்தாங்க, எலிக்கும் போலியோ வந்துச்சு. மூணே வரிதான், ஆனா அந்தப் புரதம்தான் வாசல்னு எனக்கே சந்தேகமில்லாம புரியுதே!

இன்னொண்ணு, நம்ம ஆளுங்க வைரஸுக்குத் தமிழ்ல தீநுண்மின்னு பேரு வச்சிருக்காங்க. பாக்டீரியாவ மட்டும் கொல்ற வைரஸும் இருக்கே, அது நமக்கு என்ன தீமை பண்ணுச்சு? தீர்ப்ப எழுதிட்டு விசாரிக்கிற மாதிரி இருக்கு. வைரஸ்னே போடுங்க.

குறை இல்லாம இல்ல. சில எபிசோடு ரெண்டு மணி நேரம் போவுது, நடுவுல அவங்களுக்குள்ள ஜோக்கு, சில நாள் புரோட்டீன் பேரா வந்து எனக்கு தூக்கமே வந்துடும், ஒரு தடவ ஊத்துக்குளி தாண்டுனது தெரியாம தூங்கிட்டேன். ஆனா தெரியலைன்னா தெரியலைன்னு மைக்குலயே சொல்றாங்க, நேயர் கடிதத்துல யாராவது தப்ப சுட்டிக்காட்டுனா அதையும் படிக்கிறாங்க.

அம்மாவுக்கு அஞ்சாவது வாரம் நெகட்டிவ் வந்துச்சு. அதுக்கு முன்னாடியே தட்டு டம்ளர் அலமாரிக்குத் திரும்பிடுச்சு, பக்கத்து வீட்டு ஜன்னல்தான் தீபாவளிக்கு முறுக்கு குடுத்தப்ப தொறந்துச்சு.

இப்படிக்கு,
ஒரு வாசகன், ஈரோடு.

பி.கு: கடிதம் நீளம்னா மழை வெயில் சமாச்சாரத்த வெட்டிக்கங்க, தோசையில கை வைக்காதீங்க.