உன் மகளும் நான்சி ட்ரூவும்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் வதனி,

கடிதம் கிடைத்தது. முதலில் வீட்டுப் புதினம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்துவிட்டது, பின்னேரங்களில் கடற்கரைப் பக்கம் கொஞ்சத் தூரம் நடக்கிறார். மழை தொடங்கிவிட்டதால் எங்கள் ஒழுங்கையில் வழக்கம்போல வெள்ளம். நான் அதே பாடசாலையில்தான், அதே உளவளத்துணை வேலை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். மகள் அந்த அமெரிக்கத் துப்பறியும் கதைகளை, நான்சி ட்ரூ புத்தகங்களைக் கீழே வைக்கிறாளில்லை, தாயில்லாத ஒரு பெட்டையை இவளுக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது, என்மேல் மனதுக்குள் ஏதும் கோபமோ என்று கேட்டிருந்தாய். அந்தக் கவலையை விடு. ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

வழமையாகச் சொல்லும் விளக்கம் உனக்கும் தெரிந்திருக்கும். தாய் இல்லாவிட்டால் "இருட்டுப்படப் போகாதே" என்று மறிக்க ஆளில்லை, ஆகவே வாசிக்கிற பிள்ளை கற்பனையில் தாயை அகற்றிவிட்டு நான்சியின் நீலக் காரில் ஏறிப் போகிறது. தன் பெற்றோருக்குப் பதில் வேறு பெற்றோரைக் கற்பனை செய்யும் பிள்ளைகளைப் பற்றி உளப்பகுப்பாய்வைத் தொடக்கிய ஃப்ராய்ட் 1909 இலேயே எழுதியிருக்கிறார். இந்த விளக்கம் பிழையில்லை. ஆனால் அது தாயின் வெற்றிடத்தை மட்டும் பார்க்கிறது, தகப்பனைப் பார்க்கவில்லை.

கார்சன் ட்ரூ பெயர்பெற்ற சட்டத்தரணி. மகள் வீட்டுக்கு வந்து "இந்த விஷயத்தில் ஏதோ சரியில்லை" என்றால் அவர் சிரிக்கமாட்டார், "நீ சின்னப்பிள்ளை" என்று சொல்லமாட்டார். என்ன கண்டாய், யார் சொன்னார்கள் என்று கேட்பார். தன் வழக்குகளையும் அவளோடு கதைப்பார். ஒரு பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பலம் எது? காரும் கைவிளக்கும் பிறகுதான். தான் கண்டதைப் பெரியவர் ஒருவர் நம்புகிறார் என்பதுதான் நான்சியின் அத்திவாரம். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அவளில் மயங்குவதும் அதற்குத்தான் என்பது என் எண்ணம்.

சின்ன வயதில் நாங்களும் இந்தப் புத்தகங்களை ஏன் அப்படி விழுந்து விழுந்து படித்தோம் என்று யோசித்துப் பார். அந்த யுத்த நேரத்துக் கொழும்பில் பெரியவர்கள் எதையும் குரலைத் தாழ்த்தித்தானே கதைத்தார்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிய வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நின்ற மாமா திடீரென்று இல்லை, எங்கே என்று கேட்டால் "உனக்கேன் அது, போய்ப் படி." எங்களைக் காப்பாற்றத்தான் சொன்னார்கள், அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனாலும் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், எதையும் கேட்கமுடியாது. அப்படிப்பட்ட பிள்ளைகளின் கையில், கேட்ட கேள்விக்கெல்லாம் கடைசிப் பக்கத்துக்குள் பதில் கிடைக்கிற புத்தகம் வந்தால் விடுவோமா?

முதல் புத்தகத்தை மட்டும் இன்னொரு முறை படித்துப் பார். 1930 இல் வந்தது, பழைய மணிக்கூட்டின் கதை. இறந்துபோன கிழவர் குரோலியின் உயில் எங்கே என்று யாருக்கும் தெரியாது. தனியே வாழும் அபிகெயில் என்ற மூதாட்டி விழுந்து அடிபட்டுக் கிடக்கிறாள். நான்சி அவளைப் பராமரிக்கிறாள், தேநீர் போட்டுக் கொடுக்கிறாள், பிறகு பக்கத்தில் இருந்து கேட்கிறாள். கிழவிக்கு நினைவு பிடிபடுவதில்லை. நான்சி அவசரப்படுத்துவதும் இல்லை. அப்போது வீட்டு மணிக்கூடு அடிக்க, அந்தச் சத்தத்தில் கிழவிக்கு எல்லாம் ஞாபகம் வருகிறது. உயில் பற்றிய துப்பு கிடைத்தது இப்படித்தான். வீட்டில் தன் பேச்சு எடுபட்ட பிள்ளை, வேறு யாரும் காதுகொடுக்காத ஒருத்தியிடம் போய்க் காதுகொடுக்கிறது. என் அறைக்கு வரும் பிள்ளைகளிடமும் இதைத்தான் பார்க்கிறேன். கேட்கப்பட்ட பிள்ளைக்குத்தான் கேட்கத் தெரிகிறது.

அப்புறம், அந்தத் தாய். மூலப் பதிப்பில் நான்சிக்குப் பத்து வயதாக இருக்கும்போது தாய் இறக்கிறாள். 1959 இலிருந்து புத்தகங்களைத் திருத்தி வெளியிட்டபோது அதை மூன்று வயதாக்கினார்கள், நான்சியின் வயதையும் 16 இலிருந்து 18 ஆக்கினார்கள். வீட்டுவேலைக்கு இருந்த ஹன்னா மெல்ல மெல்ல அரைத் தாயானாள். எனக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்குத் தாயின் குரல் ஞாபகம் இருக்கும், மூன்று வயதில் எதுவும் நிற்காது. துக்கம் என்று ஒன்று இருந்ததற்கான கடைசித் தடயத்தையும் துடைத்துவிட்டார்கள். நான்சி ஒரு இடத்திலும் உட்கார்ந்து அழுவதில்லை. அதற்குப் பதிலாக ஊரார் தொலைத்ததை எல்லாம் தேடிக் கொடுக்கிறாள். உயில், நகை, காணாமற்போன உறவு. உளப்பகுப்பாய்வாளர் மெலனி க்ளெய்ன் சொன்ன, இழந்ததை மனதுக்குள் திருத்திக் கட்டும் வேலை இதுதான் என்று நான் வாசிக்கிறேன். முதல் கதை முடிவில் அவள் தனக்கென்று வாங்கிக்கொள்வது குரோலியின் பழைய மணிக்கூட்டை மட்டும்தான். இறந்தவர் ஒருவருடைய பொருள், ஞாபகத்துக்கு.

இதை எழுதியவளின் கதையும் உனக்குப் பிடிக்கும். அட்டையில் இருக்கும் கரோலின் கீன் என்று ஒருவரும் இல்லை. பாத்திரத்தை உருவாக்கியவர் எட்வர்ட் ஸ்ட்ரேட்மேயர், முதல் புத்தகங்கள் வெளிவந்த கையோடு அவர் இறந்துபோனார். முதல் 30 இல் 23 ஐ எழுதியவர் மில்ட்ரெட் வேர்ட் பென்சன். தொடக்கத்தில் ஒரு புத்தகத்துக்கு 125 டொலர், பிறகு எந்த உரிமையும் இல்லை. 1980 இல் ஒரு வழக்கில் சாட்சி சொன்னபோதுதான் பெயர் பரவலாக வெளியே வந்தது. 2002 இல் 96 வயதில் இறக்கும்வரை பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தார். நான்சியின் அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று யாரும் துப்புத் துலக்கத் தேவையில்லை.

ஒன்று கவனி. மகளிடம் இருப்பது 30களின் பதிப்பு என்றால், கறுப்பின மக்களை அதில் மிகவும் கேவலமாகக் காட்டியிருக்கும். திருத்தத்தில் அவற்றை எடுத்தது நல்ல காரியம். பழைய பதிப்பென்றால் புத்தகத்தைப் பறிக்காதே, பக்கத்தில் இருந்து அதைப் பற்றிக் கதை.

மற்றப்படி அவளை ஆராயாதே. "இன்று என்ன கண்டுபிடித்தாள் உன் நான்சி?" என்று கேட்டுவிட்டு, முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை கேள். அடுப்படியில் நின்றுகொண்டே கேட்டாலும் போதும்.

பொங்கலுக்குத் திருகோணமலையிலிருந்து வருகிறாயா? முன்கூட்டிச் சொன்னால் நான் லீவு போடுவேன். அம்மாவும் உன்னை விசாரித்தபடி. வரும்போது மகளையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா, தமிழ்ச் சங்க நூலகத்துக்கு அழைத்துப் போக வேண்டும்.

அன்புடன்,
சாந்தி