இணையமே வேண்டாம் என்ற மகனுக்கு

அன்புள்ள கதிர்,

போனில் இருந்த ஆப்களை எல்லாம் தூக்கிவிட்டேன், இந்த இணையமே மனுஷனைக் கெடுக்கத்தான் வந்தது என்று சொன்னாய். ஆப்களைத் தூக்கியது சரி. அடுத்துச் சொன்னதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை, தம்பி.

1999-இல் நான் மதுரையில் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். பிரவுசிங் சென்டரில் மணிக்கு 40 ரூபாய். தோழியும் நானும் காசைச் சேர்த்து அரை மணி நேரம் உட்காருவோம். தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் எழுத்துக்குப் பதிலாக என்னென்னவோ குறிகள் வரும். அப்போது ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியீடு. ஒருவர் எழுதியதைப் படிக்க, அதற்குரிய எழுத்துருவை முதலில் இறக்க வேண்டும். வைரஸ் வந்துவிடும் என்று சென்டர்க்கார அண்ணன் விடமாட்டார், கெஞ்ச வேண்டும். எல்லாருக்கும் ஒரே குறியீடான யூனிகோட் பரவிய பிறகுதான் அந்தத் தொல்லை ஒழிந்தது.

அப்படிக் கெஞ்சி நான் படித்தது, பழைய தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வைக்கும் மதுரைத் திட்டத்தின் நூல்களை. 1998 பொங்கலன்று தொடங்கிய வேலை அது. சுவிட்சர்லாந்தில் இருந்த வேதியியல் அறிஞர் கல்யாணசுந்தரம் முன்னின்றார். பல நாட்டுத் தமிழர்கள், வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபின் பழைய நூல்களைப் பக்கம் பக்கமாகத் தட்டினார்கள். வேறு சிலர் பிழை பார்த்தார்கள். யாருக்கும் கூலி கிடையாது. எங்கள் நூலகத்தில் வெளியே தராத நூலை, முகம் தெரியாத யாரோ எனக்காகத் தட்டி வைத்திருந்தார்! அந்த நன்றி இன்னும் தீரவில்லை. இணையம் என்றால் எனக்கு முதலில் அவர்கள்தான்.

அப்புறம் எனக்கும் அலுத்ததுதான். கையில் போன் வந்தது, ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடியது, சமையல் குறிப்பு தேடப் போய் ஒரு மணி நேரம் போயிருக்கும். நாம் கண்ணை எடுக்காமல் இருந்தால்தான் விளம்பரம் ஓடும், அந்த ஆப் கம்பெனிகளுக்குக் காசு வரும். அதற்காகவே முடிவில்லாமல் செய்து வைத்திருக்கிறார்கள். அந்த வியாபாரத்தின் மேல் எனக்கு உன்னைவிடக் கோபம் அதிகம். ஆனால் கூலி வாங்காமல் தட்டியவர்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடாதே. மதுரைத் திட்டம் இன்றும் இலவசமாகத்தான் இருக்கிறது.

இப்போது மதியத்தில் நான், யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். நாட்டுடைமையான நூல்களின் பக்கப் படங்கள் ஒரு பக்கம், கணினி படித்துக் கொடுத்த எழுத்து மறுபக்கம். ளகரத்தை னகரமாக்கி, துணைக்காலை ரகரமாக்கி அது படுத்துகிற பாட்டைத் திருத்த வேண்டும். ஒருவர் திருத்தினால் பக்கம் மஞ்சளாகும், இன்னொருவர் சரிபார்த்தால்தான் பச்சையாகும். நான் மஞ்சளாக்கிய பக்கத்தை நானே பச்சையாக்க முடியாது. நிறையப் பக்கம் அப்படியே நிற்கிறது, ஆள் இல்லை.

தீபாவளிக்கு வரும்போது லேப்டாப்பையும் எடுத்து வா. லீவு எத்தனை நாள் என்று முன்கூட்டியே சொல்.

அன்புடன்,
அம்மா