ஒரு மேசை, இரண்டு மணி நேரம்: இராமநாதபுரம் கடற்கரையின் உணவக உரிமையாளர்களுக்குத் திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய உணவக உரிமையாளர்களுக்கு வணக்கம்.

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் ஆகிய ஊர்களில் வாழும் நண்பர்கள் எட்டுப் பேர், மாதம் ஒருமுறை உங்களில் ஒருவருடைய உணவகத்தில் கூடி, அந்த மாதம் அனைவரும் படித்து முடித்த ஒரு நூலைப் பற்றி மதியச் சாப்பாட்டோடு பேசி வருகிறோம். சென்ற மாதம் ஓர் உணவகத்தில், உண்டு முடித்த பின்னும் பேச்சு நீண்டதால் எங்களை எழச் சொன்னார்கள். வாசலில் குழந்தைகளோடு குடும்பங்கள் காத்திருந்தன. எனவே அவர்கள் சொன்னது நியாயமே.

வீட்டில் கூடலாமே என்று கேட்பீர்கள். கூடிப் பார்த்தோம். எந்த வீட்டில் கூடினாலும் அந்த வீட்டுப் பெண் அடுக்களையிலேயே நின்றுவிட நேர்ந்தது. அவரும் அந்த நூலைப் படித்தவர், எங்களைவிடக் கூர்மையாகப் படித்தவர். நூலகத்தில் அமைதி காக்க வேண்டும். கடற்கரையிலோ ஆனி, ஆடி மாதங்களில் மணல் கண்ணைத் திறக்க விடாது.

உணவக மேசையில் மட்டும் எல்லோரும் சமமாக அமர்கிறோம். ஒரு நாவலில் வந்த கச்சான் காற்றை, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்றை, உள்நாட்டில் பிறந்த எங்கள் ஆசிரியர் நண்பர் பொருள் விளங்காமலே கடந்து போயிருந்தார். விசைப்படகில் தொழிலுக்குப் போகும் நண்பர், காற்று வரும் திசையையும் வலை இழுபடும் பக்கத்தையும் தண்ணீர் தொட்டு மேசைமேல் கோடிழுத்துக் காட்டிய பிறகுதான், அந்த அத்தியாயத்தில் கதைமாந்தர் ஏன் அவ்வளவு அஞ்சினார் என்பது எங்கள் அனைவருக்கும் புரிந்தது.

ஆகவே, மதியச் சாப்பாட்டு நெரிசல் முடிந்து பரோட்டாக் கல் சூடேறும் முன், பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரை, மாதம் ஒரு வேலை நாளில் ஒரு மூலை மேசையை எங்களுக்குத் தர வேண்டுகிறோம். நூலைத் திறக்கும் முன்பே பணத்தைச் செலுத்திவிடுவோம். ஆடி, தை அமாவாசைகளை ஒட்டி யாத்ரீகர் திரளும் நாட்களில் வரமாட்டோம். இன்னொன்றையும் தயங்காமல் கேட்கிறேன்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளிக்கு வருமானம் இல்லை, அப்போது தேநீரும் வடையும் மட்டும் கேட்பவரையும் முழுச் சாப்பாடு உண்பவருக்கு நிகராக அமர விடுங்கள்.

உங்களுக்கு ஏற்ற நாளைக் கல்லாவில் இருப்பவரிடம் சொல்லி வைத்தால் போதும். நாங்களே வந்து கேட்டுக்கொள்கிறோம்.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து ஒரு வாசகர்