கன்ட்ரோலருக்கு ஜிசிசியா, கிளாங்கா?

தருமபுரி

அன்புள்ள சிவா,

கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை.

பர்கூர்ப் பக்கத் தோப்புகளுக்கு ஓசூரிலிருந்து நீங்கள் அனுப்பும் போர்வெல் மோட்டார் கன்ட்ரோலருக்கு, எழுதிய கோடைச் சிப்புக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றும் கம்பைலரை ஜிசிசியிலிருந்து கிளாங்குக்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தாய். தோப்புக்குப் போகிற ஃபர்ம்வேரை, அதாவது போர்டுக்குள் ஓடும் நிரலை, ஜிசிசியிலேயே வை. ஆனால் கிளாங்கையும் தினமும் ஓட்டிப் பார்.

கிளாங்கில் ஃபர்ம்வேரின் அளவு கூடுகிறது என்று உன் பையன்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் அவர்கள் அளந்தது கம்பைலரை மட்டும்தானா என்று பார். உங்கள் போர்டில் இருப்பது எஸ்டிஎம்32எஃப்103 சிப்; நிரலை வைக்கும் ஃபிளாஷ் 64 கேபி, ராம் 20 கேபி. அதிலுள்ள கார்டெக்ஸ்-எம்3 என்ற ஆர்ம் பிராசசருக்கு மிதவைப்புள்ளி (ஃப்ளோட், அதாவது தசம எண்) கணக்குக்கான வன்பொருள் கிடையாது. ஒவ்வொரு ஃப்ளோட் பெருக்கலும் ஒரு லைப்ரரி அழைப்பாகிவிடும். ஜிசிசியோடு வரும் லிப்ஜிசிசி லைப்ரரியில் ஆர்முக்கான அந்தக் கணக்குகள் அசெம்பிளியில் கையால் எழுதப்பட்டவை. கிளாங்குக்கு அடித்தளமான எல்எல்விஎம் பக்கம் அதே வேலையைச் செய்வது கம்பைலர்-ஆர்டி. சி லைப்ரரியும் வேறு: ஒரு பக்கம் நியூலிப்-நானோ, மறுபக்கம் பெரும்பாலும் பிகோலிப்சி. எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் மேப் ஃபைல்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்து, எழுத்தை அச்சிடும் பிரின்ட்எஃப்பும் ஃப்ளோட் ஃபங்ஷன்களும் எத்தனை பைட் தின்கின்றன என்று முதலில் பாருங்கள். அதைவிட நல்லது ஃப்ளோட்டையே விட்டுவிடுவது. 230.4 வோல்ட்டை 2304 என்று முழு எண்ணாக வைத்துக்கொண்டால் தண்ணீரில்லாமல் மோட்டார் ஓடும் டிரை ரன்னைக் கண்டுபிடிக்கும் கணக்குக்கும் லோ வோல்டேஜ் கட்-ஆஃபுக்கும் அது தாராளம்.

கம்பைலருக்குக் கொடுக்கும் ஃபிளாக்குகளும் (ஆப்ஷன்களும்) சமமாக இருக்க வேண்டும். அளவை மிகவும் குறைக்கும் கிளாங்கின் ஓஇசட்டோடு, அவ்வளவு குறைக்காத ஜிசிசியின் ஓஎஸ்ஸை ஒப்பிடக் கூடாது. ஜிசிசி 12 முதல் அதிலும் ஓஇசட் உண்டு. பயன்படாத செக்‌ஷன்களைக் கழிக்கும் ஜிசி-செக்‌ஷன்ஸ் இரண்டிலும் இருக்கட்டும். அப்படிப் போடும்போது துண்டுகளைச் சேர்த்துக் கட்டும் லிங்கருக்கான ஸ்கிரிப்டில், சிப் எழும்போது முதலில் படிக்கும் முகவரிப் பட்டியலான வெக்டர் டேபிளுக்குக் கட்டாயம் கீப் (நீக்காதே) என்ற கட்டளை வேண்டும். அந்த டேபிளைக் கோடில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. லிங்கர் வேண்டாததென்று வீசிவிடும். பில்ட் சுத்தமாக முடியும், போர்டு எழாது.

இரண்டையும் கலக்காதே. லிங்க் செய்யும்போது ஆப்டிமைஸ் செய்யும் எல்டிஓ போட்ட ஆப்ஜெக்ட் ஃபைலில் இருப்பது அந்தந்தக் கம்பைலரின் உள்மொழி. ஒன்றினுடையதை மற்றது படிக்காது. ஈனம் (enum, பெயரிட்ட மதிப்புகளின் வகை) இன்னொரு வம்பு. ஆர்ம் பேர்-மெட்டல் ஜிசிசி ஈனத்தை மதிப்புகள் அடங்கும் மிகச் சிறிய அளவில் வைக்கும். வேறு அமைப்பில் அதுவே 4 பைட் ஆனால், ஃபிளாஷில் சேமித்த செட்டிங்ஸ் ஸ்ட்ரக்டில் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் இடம் மாறிவிடும். சேமிக்கிற, வயரில் அனுப்புகிற ஸ்ட்ரக்டில் ஈனமே வேண்டாம், ஒரு பைட் எண்ணான யுஇன்ட்8 போடு.

நீங்கள் சி++ எழுதுவதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கோளாறு வந்தால் ஓடும் ஃபால்ட் ஹேண்ட்லரில், அங்கேயே நிற்பதற்காக வெறும் வைல்(1) எழுதி அரைப்புள்ளி வைத்திருப்பீர்கள். கிளாங் 19க்கு முந்தைய பதிப்புகள் ஆப்டிமைசேஷனில் அந்த லூப்பையே நீக்கிவிடக்கூடும். ஓட்டம் மெமரியில் அடுத்திருக்கும் ஃபங்ஷனுக்குள் விழும். அங்கே மோட்டாரின் ரிலேவை ஆன் செய்யும் கோடு இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார். ஹேண்ட்லரில் முதலில் ரிலேவை ஆஃப் செய்து, பிறகு சிஸ்டம் ரீசெட் கொடு. எந்தக் கம்பைலருக்கும் அதுதான் சரி.

கிளாங்கைத் தினமும் ஓட்டச் சொல்வது அது தரும் எச்சரிக்கைகளுக்காக. ஜிசிசி கண்டுகொள்ளாத சிலவற்றை அது பிடிக்கும். அதற்கு நேர்மாறாகவும் நடக்கும். சிப்பின் ரெஜிஸ்டரைத் தொடாத லாஜிக்கைத் தனி ஃபைல்களாகப் பிரித்து, பிசியில், ஓடும்போதே தவறைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர், யுபி சானிடைசர் போட்டு ஓட்டுங்கள். அரே எல்லை தாண்டுவதும் சைன்டு ஓவர்ஃப்ளோவும் வரி எண்ணோடு வெளியே வரும். எடிட்டரில் எழுதும்போதே தவறைக் காட்டும் கிளாங்டி வேண்டுமென்றால் கொயரி-டிரைவர் ஆப்ஷனில் உங்கள் ஆர்ம் ஜிசிசியின் பாதையைக் கொடு. இல்லையென்றால் ஹெடர் கிடைக்கவில்லை என்று எல்லா வரியிலும் சிவப்புக்கோடு போடும்.

ஜிசிசியைப் பயன்படுத்தினால் உங்கள் சோர்ஸை வெளியிட வேண்டிவரும் என்ற உன் பார்ட்னரின் லைசென்ஸ் பயம் தேவையில்லாதது. ஜிசிசி ஜிபிஎல் 3 என்ற லைசென்ஸில் வந்தாலும் லிப்ஜிசிசிக்கு ரன்டைம் விதிவிலக்கு இருக்கிறது. நீங்கள் விற்கும் ஃபர்ம்வேரின் சோர்ஸை அதற்காகத் திறக்க வேண்டியதில்லை.

பின்னாளில் ரஸ்ட் மொழியில் சில பகுதிகளை எழுதி, சி கோடோடு சேர்த்து எல்டிஓ செய்ய நினைத்தால் என் பதில் மாறும். ரஸ்ட் கம்பைலரும் எல்எல்விஎம்மின் மேல் நிற்பது. அப்போது கிளாங்தான் பொருந்தும்.

இரண்டு மேப் ஃபைலையும் அனுப்பிவை, பார்த்துச் சொல்கிறேன். எந்தப் பதிப்புக் கம்பைலர் என்றும் எழுது. ஒவ்வொரு ரிலீஸோடும் அந்தக் கம்பைலரின் டார் ஃபைலையும் (முழுத் தொகுப்பையும்) எடுத்து வைக்கச் சொல்.

அன்புடன்,
குமார்