மோட்டாரை நிறுத்திய அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

இரும்பில் துரு எப்படித் தொடங்குகிறது என்ற என் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். அதில் நன்றியுரைக்குக் கிடைத்த ஒரே பக்கம் பேராசிரியர்களுக்கே சரியாகப் போய்விட்டது. விட்டுப்போனவர்களுக்கு இந்த மடல்.

கடலூர் தேவனாம்பட்டினத்து அக்கா, உங்கள் மாடியில் சட்டம் அடித்து நான் இரும்புத் தகடுகளை மாட்டியபோது, "துருதானே வேணும்? எங்க வீட்டு கேட்டைக் கழட்டிக்கிட்டுப் போ" என்றீர்கள். உங்கள் கேட் எனக்கு ஆகாது அக்கா. நான் துருவைப் பார்த்தது அணுவிசை நுண்ணோக்கியில்; நுண்ணிய ஊசியால் பரப்பின் மேடுபள்ளத்தைத் தடவிப் படமாக்கும் கருவி அது. அந்த ஊசி ஏறி இறங்கக்கூடியதே சில மைக்ரான்தான்; தலைமுடிகூட அதைவிடத் தடிமன். எனக்கு வேண்டியது முதல் சில மணி நேரத்துத் துரு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், தகட்டில் படிந்த உப்புத்தூள் தானாகவே நீர்த்துளியாகிவிடும். துளியின் ஓரத்துக்கு ஆக்சிஜன் நன்றாகக் கிடைப்பதால் அது தப்பிக்கும், நடுவில் அரிக்கும். அந்தக் குழி பெரிதாவதற்குள் விடியற்காலை நாலரைக்கு எழுந்து தகடுகளைக் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வைத்தது நீங்கள்.

முதுநகர் பட்டறை அண்ணன் எமரி தாளில் தேய்த்துக் கொடுத்துவிட்டு, "இதுல மொகம் பாத்து மீசை வெட்டலாம்" என்றார். கருவியில் வைத்தால் ஏர் ஓட்டிய வயல். கோபப்படாமல் வைரப் பசை வைத்து மறுபடி தேய்த்தார். அதற்குக் காசும் வாங்கவில்லை.

அப்புறம் அந்த நுண்ணோக்கி இருந்த புதுச்சேரி. ஊசி ஒரு வரியைத் தடவ 1 நொடி, மொத்தம் 512 வரி. ஒரு படத்துக்கு எட்டரை நிமிடம். பாதியில் அலை அலையாகக் கோடு விழும். ஊசியின் அசைவைக் காட்டும் லேசரைத் திருப்பிப் பார்த்தேன். ஆயிரக்கணக்கில் விலை போகும் ஊசிகளில் இரண்டை உடைத்தேன். ஒரு மாதம் இப்படியே போனது. ஒருநாள் இரவு டீயோடு வந்த வாட்ச்மேன் அண்ணன் சொன்னார்: "நீ திட்டுற நேரமெல்லாம் நான் மோட்டார் போடுற நேரம்மா." தண்ணீர் மோட்டாரின் அதிர்வுதான் படத்தில் கோடாக விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து அவர் மோட்டாரை நிறுத்திவிட்டு எனக்கு போன் செய்வார். விடுதியில் குழாய் வறண்ட இரவுகளுக்கு நான்தான் காரணம். தோழிகளே, மன்னிக்கவும்.

இந்த ஊசி நுண்ணோக்கிக் குடும்பத்தின் மூத்த கருவியான ஸ்கேனிங் டனலிங் மைக்ராஸ்கோப்பை 1981இல் செய்த பின்னிக்கும் ரோரரும் அதிர்வுக்குப் பயந்து அதைக் காந்த விசையில் அந்தரத்தில் மிதக்கவிட்டார்கள். எனக்கு வாட்ச்மேன் அண்ணன் இருந்தார். அந்தக் கருவி மின்சாரம் கடத்தும் பரப்பைத்தான் படிக்கும்; துருவிடம் அதன் ஜம்பம் பலிக்காது. 1986இல் பின்னிக், குவேட், கெர்பர் மூவரும் அணுவிசை நுண்ணோக்கியைக் கொண்டுவந்ததால் நான் பிழைத்தேன். தமிழ் தெரியாது என்றாலும் அவர்களுக்கும் நன்றி.

அக்கா, சட்டம் இன்னும் உங்கள் மாடியில்தான் நிற்கிறது. பொங்கலுக்குள் வந்து கழற்றி, ஆணி அடித்த ஓட்டைகளையும் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுகிறேன். கேட்டுக்கு ஒரு டப்பா ரெட் ஆக்சைடும் வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
தகட்டுப் பொண்ணு