பேத்தியைப் பார்ப்பது எங்கள் உரிமை என்று சட்டத்தில் எழுதுங்கள்

மத்திய சட்டத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையிலிருந்து ஓர் அம்மாச்சி எழுதுகிறேன்.

போன இரண்டாம் சனிக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் நீதிமன்ற வராண்டாவில் காத்திருந்தோம். பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை பேத்தியைப் பார்க்கலாம் என்பது இடைக்கால உத்தரவு. குழந்தை வரவில்லை. பன்னிரண்டரைக்கு மருமகன் தரப்பு வக்கீல் வந்து காய்ச்சல் என்றார். அதற்கு முந்தின மாதமும் காய்ச்சல்தான். அடுத்த சனிக்கிழமையாவது கூட்டிவரச் சொல்லுங்கள் என்று கேட்டேன். “குழந்தையோட அப்பா இருக்கும்போது உங்களுக்கு உரிமைன்னு எதுவும் கிடையாதும்மா. இது கோர்ட் பார்த்துக் கொடுத்த சலுகை” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஊர் வந்து சேர ஐந்து மணி நேரம். வழியெல்லாம் என் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை.

வக்கீல் சொன்னது பொய்யில்லை. அதுதான் இந்த மடலை எழுத வைக்கிறது. 1956-ஆம் ஆண்டு இந்து மைனர், காப்பாளர் சட்டப்படி இந்துக் குழந்தைக்கு இயற்கைக் காப்பாளர் அப்பா, அவருக்குப் பிறகு அம்மா. வெள்ளைக்காரன் காலத்து 1890 கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தில், குழந்தைக்குக் காப்பாளராக்கச் சொல்லி உறவினரும் மனுப் போடலாம். அதுவும் குழந்தை வசிக்கிற ஊர் நீதிமன்றத்தில். ஆனால் தாத்தா பாட்டி பேரப்பிள்ளையைப் பார்ப்பதற்கென்று இரண்டிலும் ஒரு வரி கிடையாது. குழந்தையின் நலன் கருதி நீதிபதி மனமிரங்கினால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

என் மகள் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அதுவரை பேத்தி எங்கள் வீட்டில் வளர்ந்தவள். மருமகன் மறுமணம் செய்துகொண்டார். அதில் எங்களுக்கு வருத்தமில்லை, அவர் வயது அப்படி. குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஊர் மாறினார், அப்புறம் போனை எடுப்பதை நிறுத்தினார். வாய்தா வாய்தாவாக அலைந்து உத்தரவு வாங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. குழந்தையைக் கண்ணால் பார்த்தது ஐந்து தடவை.

ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். பொங்கலுக்கென்று அவளுக்கு அரக்கில் பச்சைக் கரை வைத்த பட்டுப்பாவாடை தைத்தேன். அளவு தெரியாது. பழைய பாவாடை ஒன்றை வைத்துக்கொண்டு, பிள்ளை வளர்ந்திருப்பாள் என்று நாலு விரல் கூட்டி, உள்ளே மூன்று மடிப்பும் பிடித்துத் தைத்தேன். வராண்டாவிலேயே கவுனுக்கு மேல் கட்டிப் பார்த்தேன். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. பிளேடு கடன் வாங்கி மூன்று மடிப்பையும் பிரித்தேன். அப்போதும் கணுக்கால் வரை வரவில்லை. “பரவால்ல அம்மாச்சி, எட்டுது” என்று குழந்தை கையால் கீழே இழுத்துக் காட்டினாள். அப்போதுதான் பார்த்தேன், காது குத்தியிருந்தது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்த வேண்டிய காது. என் மகன் மதுரையில் இருக்கிறான், அவனுக்கு ஒரு சொல் சொல்லவில்லை. யார் மடியில் உட்கார்ந்தாய் என்று பிள்ளையிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஐயா, நாங்கள் கேட்பது பேத்தியைப் பார்க்கும் உரிமை. அவளை எங்களோடு வைத்துக்கொள்ளக் கேட்கவில்லை. அப்பாவிடம் வளர்வதுதான் முறை.

2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் கொண்டுவந்தீர்கள். அதில் ‘பிள்ளைகள்’ என்றால் பேரன் பேத்தியும் சேர்த்தி, மைனர்கள் மட்டும் சேர்த்தியில்லை. நாளைக்கு அவள் பெரியவளானால் எனக்குச் சோறு போடச் சொல்லி நான் மனுக் கொடுக்கலாம். இன்றைக்கு அவளுக்கு ஒரு வாய் ஊட்ட எனக்கு உரிமையில்லை. இது என்ன நியாயம்? கொரோனாவில் தாய் தகப்பன் இருவரையும் இழந்த அகமதாபாத் சிறுவனை, 2022-ல் உச்ச நீதிமன்றம் அப்பாவைப் பெற்றவர்களிடம்தான் ஒப்படைத்தது. இருவரும் போனால் வளர்க்கவே தகுதி உண்டு. ஒருவர் போனால் பார்ப்பதற்குக்கூடச் சலுகை கேட்க வேண்டியிருக்கிறது. வேலைக்குப் போகும் மகளுக்கும் மருமகளுக்கும் பிள்ளை பார்த்துக்கொடுக்கிற கிழவன் கிழவி இல்லாத தெரு இந்த நாட்டில் உண்டா? அந்த உழைப்பெல்லாம் எந்தச் சட்டத்தின் கண்ணிலும் படவில்லை.

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக யோசிக்கக்கூட வேண்டியதில்லை. சட்ட ஆணையம் 2015 மே மாதம் கொடுத்த 257-ஆவது அறிக்கையில், தாத்தா பாட்டியோடு குழந்தை கழிக்கும் நேரத்தைப் பற்றியும் பேசியிருக்கிறது. அதை எடுத்துப் பாருங்கள். பேரப்பிள்ளையைப் பார்ப்பது உரிமை என்று ஒரு பிரிவு சேருங்கள். அடிக்கிறவர்கள், குடிக்கிறவர்கள் என்றால் நீதிமன்றம் மறுக்கட்டும். மனுவை மாதக்கணக்கில் இழுக்காமல் முடிக்க ஒரு கெடு வையுங்கள். உத்தரவிட்ட நாளில் குழந்தையைக் கூட்டிவராவிட்டால், தவறிய நேரத்தை அடுத்த வாரமே ஈடு செய்ய வையுங்கள். இடையில் வாரம் ஒரு தடவை வீடியோ காலில் முகம் பார்க்க விடுங்கள். தயவுசெய்து இதைச் செய்யுங்கள். என் வீட்டுக்காரருக்கு எழுபத்து நான்கு வயது.

வருகிற இரண்டாம் சனிக்கிழமையும் விடியற்காலை நாலு மணி பஸ்ஸில் கிளம்புகிறோம். இந்தத் தடவை அளவெடுக்க டேப் கொண்டுபோகிறேன்.

இப்படிக்கு,
ஓர் அம்மாச்சி,
மதுரை